வளையம் விழுந்த விழித்திரை

கண் ஆஸ்பத்திரியில் நான் என்ன வேலை பார்க்கிறேன் என்பதைத் தவளக்குப்பம் பஸ்ஸில் யாருக்கும் புரியவைக்க முடிந்ததே இல்லை. "கண்ணுக்குள்ள போட்டோ எடுக்கறேன்" என்றால், "கண்ணுக்குள்ள யாருய்யா குந்திக்கினு இருக்கா, போட்டோ எடுக்க?" என்பார் கண்டக்டர். பஸ்ஸே சிரிக்கும். நானும் சேர்ந்து சிரித்துவைப்பேன். வேறென்ன செய்ய?

நான் ஓய்வு பெற்றுச் சில வருஷங்கள் ஆகின்றன. போன மாதம், புது இயந்திரம் வந்திருக்கிறது, வந்து பாருங்கள் என்று ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. போனேன். முகவாயை வைத்தவுடன் விழித்திரையை ரொட்டி அரிந்தாற்போல் அடுக்கடுக்காகத் திரையில் காட்டுகிறது. ஊசி கிடையாது, சாயம் கிடையாது. நன்றாக இருக்கும் இடம் பச்சை, கெட்ட இடம் சிவப்பு. மாத்திரையால் கண் கெடுகிறது என்றால், நோயாளிக்குத் தெரிவதற்கு முன்னாலேயே இதற்குத் தெரிந்துவிடுமாம். பொறாமையாக இருந்தது, பொய் சொல்வானேன். அங்கே இப்போது படமெடுக்கும் பெண் கேட்டாள்: "இதெல்லாம் இல்லாம மாத்திரைக் கெடுதலை நீங்க எப்பிடி சார் கண்டுபிடிச்சீங்க?" பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. "அது பெரிய கதைம்மா" என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகும் அவள் கேள்வி என்னை விடவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நான் கண் படிப்புப் படித்தவன் இல்லை. நெல்லித்தோப்பில் ஒரு ஸ்டுடியோவில் பாஸ்போர்ட் போட்டோவும் கல்யாண ஆல்பமும் எடுத்துக்கொண்டிருந்தேன். படம் எடுக்கவும் பிலிம் கழுவவும் தெரிந்த ஆள் வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் தேடினார்கள், போய்ச் சேர்ந்தேன். ஸ்டுடியோவில் "கொஞ்சம் சிரிங்க" என்று சொன்ன வாய், இங்கே "கண்ணை மூடாதீங்க, மூடாதீங்க" என்று கத்தப் பழகியது. பயிற்சி என்று சொன்னால் அவ்வளவுதான்.

மிச்சத்தையெல்லாம் டாக்டர் மர்த்தீனிடம்தான் கற்றுக்கொண்டேன். விழித்திரை மருத்துவர். பழைய புதுச்சேரிக் குடும்பம். அவருடைய அப்பா பிரெஞ்சுக்காரர் காலத்தில் கோர்ட்டில் வேலை பார்த்தவர். நாங்கள் டாக்டரம்மா என்போம். குரல் உயராது. படம் சரியில்லை என்றால் அதை என் மேசைமேல் கவிழ்த்து வைத்துவிட்டுப் போய்விடுவார். அதற்கு நாலு வார்த்தை திட்டியிருக்கலாம். படம் நன்றாக வந்துவிட்டால் "போன்" என்று ஒரே ஒரு வார்த்தை. பிரெஞ்சில் நல்லது என்று அர்த்தம். அந்த ஒரு வார்த்தைக்காக நான் மதியச் சாப்பாட்டை மறந்த நாட்கள் உண்டு.

அவருக்கு இரண்டு பிடிவாதங்கள். முதலாவது, ஒரு படத்தை நம்பி எதையும் சொல்ல மாட்டார். வண்ணப் படம் ஒன்று சொன்னால், பார்வைப் பரிசோதனையும் அதையே சொல்ல வேண்டும், சாயம் ஏற்றி எடுக்கும் படமும் அதையே சொல்ல வேண்டும். மூன்றும் ஒத்துவராவிட்டால் "படம் தப்பு, இல்லைன்னா நான் தப்பு. மறுபடி எடு" என்பார்.

இரண்டாவது பிடிவாதம் மேசை. அவர் அறையில் ஜன்னல் ஓரமாக ஒரு சின்ன மேசை, அதன்மேல் எவர்சில்வர் தட்டு. வருகிறவர்களிடம் என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று கேட்கவே மாட்டார். "பையைக் கொட்டுங்க" என்பார். சீட்டில் எழுதியிருப்பது வேறு, வயிற்றுக்குள் போவது வேறு என்பது அவர் கட்சி. கொட்டுவார்கள். மாத்திரை அட்டை, லேகிய டப்பா, விபூதிப் பொட்டலம், மாதா படம், பஸ் டிக்கெட், பாதி பீடி எல்லாம் விழும். ஒரு பெரியவர் பையிலிருந்து அவர் சம்சாரத்தின் பல் செட் விழுந்தது. டாக்டரம்மா முகத்தில் ஒரு சுருக்கம் இல்லை. மாத்திரைகளை மட்டும் ஒதுக்கி, ஒவ்வொன்றையும் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் கண்ணைப் பார்ப்பார்.

தையல்காரி ஜெயமேரி வந்தது பிலிமெல்லாம் ஒழிந்து, கம்ப்யூட்டரில் படம் விழும் கேமரா எங்களுக்கு வந்த புதிதில். எனக்கு முன்பே தெரிந்த பெண்மணி. ஸ்டுடியோவில் நான் படம் எடுத்த கிறிஸ்தவ மணப்பெண்களில் பாதிப் பேர் அவர் தைத்த கவுனில்தான் வந்து நின்றிருப்பார்கள். கைப்பட்டியில் முத்து வைத்துத் தைப்பார். வெளிச்சம் பட்டால் என் படத்துக்கே ஒரு களை வந்துவிடும். ஐம்பதை நெருங்கிய, ஒல்லியான, வெடுக்கென்று பேசும் பெண். மூட்டு வாதத்துக்குப் பல வருஷமாக மாத்திரை சாப்பிடுகிறவர். அந்த மாத்திரை ஆதியில் மலேரியாவுக்கு வந்தது. மூட்டுக்கும் நன்றாகவே கேட்கும். ஆனால் அளவு மீறினால், வருஷக்கணக்கில் சேர்ந்து சேர்ந்து விழித்திரையின் நடுப்பகுதியைத் தின்றுவிடும். அதனால் வருஷம் ஒருமுறை கண்ணைக் காட்டச் சொல்லி மூட்டு டாக்டர் எழுதிக் கொடுப்பார். ஜெயமேரி வரவே இல்லை. கண் நன்றாகத்தானே தெரிகிறது, எதற்குப் போக வேண்டும் என்று இருந்துவிட்டார்.

"இப்ப மட்டும் என்னாத்துக்கு வந்தீங்க?" என்று சொட்டு மருந்து விட்டுக்கொண்டே கேட்டேன்.

"நூல் தெரியுது அண்ணே. ஊசியும் தெரியுது. ஊசிக் காது மட்டும் காணாமப் போயிடுது. யாரோ தூக்கிக்கினு ஓடிட்ட மாரி."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நானும் சிரித்துவிட்டேன்.

கண்மணி விரிந்ததும் முகவாயைத் தாங்கியில் வைத்து, நெற்றியைப் பட்டையில் அழுத்தி, மேல் இமையை என் விரலால் தூக்கிப் பிடித்து எடுத்தேன். திரையில் பார்த்தவுடன் சிரிப்பு போய்விட்டது. விழித்திரையின் நடுப்புள்ளியைச் சுற்றி, வெந்நீர்ப் பாத்திரம் வைத்த மேசையில் விழும் தடம்போல் வெளிறின ஒரு வளையம். டாக்டரம்மா வந்து பார்த்தார். "கேமராக் கண்ணாடியைத் துடை" என்றார். துடைத்துவிட்டு எடுத்தேன். அதே வளையம். அடுத்த கண்ணிலும் அதே.

பிறகு பார்வைப் பரிசோதனை. இருட்டு அறையில், ஒரு வெள்ளைக் கிண்ணத்துக்குள் முகத்தை வைத்து, நடு விளக்கையே பார்த்துக்கொண்டு, சுற்றிலும் ஒளிப் புள்ளி தெரியும்போதெல்லாம் பொத்தானை அழுத்த வேண்டும். ஜெயமேரி வெளிப் புள்ளிக்கெல்லாம் டக் டக்கென்று அழுத்தினார். நடுவை ஒட்டிய புள்ளிகள் வந்தபோது விரல் அசையவே இல்லை. "இன்னும் ஆரம்பிக்கலியா அண்ணே?" என்று வேறு கேட்டார்.

மூன்றாவது, சாயம். கை நரம்பில் மஞ்சள் சாயத்தை ஏற்றி, நீல வெளிச்சத்தில் வரிசையாக எடுக்க வேண்டும். குமட்டும், மூத்திரம் ஒரு நாள் முழுக்க மஞ்சளாகப் போகும், பயப்படக் கூடாது என்று சொன்னேன். "தைக்கிற கவுனுல கறை ஆவாதுல்ல?" என்றுதான் கேட்டார். சாயம் ஓடிய ரத்தக்குழாய்களுக்கு நடுவே அந்த வளையம் பளபளவென்று எரிந்தது. நடுவில் ஒரு சின்னப் புள்ளி மட்டும் இன்னும் இருட்டாக, உயிரோடு இருந்தது. மூன்றும் ஒன்றையே சொல்லிவிட்டன. அன்றைக்கு டாக்டரம்மா "போன்" என்று சொல்லவில்லை.

ஆனால் அவருக்குக் கணக்கு இடித்தது. ஜெயமேரியின் பையைக் கொட்டச் சொல்லி முன்பே பார்த்தாயிற்று. மூட்டு டாக்டர் எழுதிய ஒரே மாத்திரை. அவர் எடைக்கு அது சரியான அளவு. சிறுநீரகமும் நன்றாக இருந்தது. இந்த அளவுக்கு இவ்வளவு சேதம் வரக் கூடாது. டாக்டரம்மா சட்டென்று கேட்டார்: "பிரான்சுல உங்களுக்கு யாரு இருக்கா?"

ஜெயமேரிக்கு முகம் மலர்ந்துவிட்டது. "எங்க அக்கா, பிலோமினா. பாரிசுக்குப் பக்கத்துல இருக்கா. அவதான் என்னை வளர்த்தா. லீவுக்கு வந்தா பெட்டி கொள்ளாம கொண்டாருவா."

"என்னா கொண்டாருவாங்க?"

"சென்ட்டு, சீஸ், சாக்லேட், பசங்களுக்குச் சட்டை..."

"மாத்திரை?"

ஜெயமேரி கொஞ்சம் யோசித்தார். "குடுப்பா. அவளுக்கும் மூட்டு வலிதான். அங்க உள்ள மாத்திரை நல்லாக் கேக்குதுன்னு எனக்கும் தருவா. அவ வராத வருசம் யார்கிட்டயாவது குடுத்தனுப்புவா. காலையில இங்கத்தது, ராத்திரி அக்காது."

"பையைக் கொட்டச் சொன்னப்ப ஏன் காட்டல?"

"அது மருந்து இல்லியேம்மா. அக்கா குடுத்தது."

எங்கள் ஊரில் பிரான்சில் ஆள் இருக்கும் எந்த வீட்டிலும் இப்படி ஒரு பீரோத் தட்டு இருக்கும். சென்ட் பாட்டிலுக்குப் பக்கத்தில் பிரெஞ்சு எழுத்துப் போட்ட மாத்திரை டப்பாக்கள். பாசத்தோடு வந்தவை என்பதால் அவற்றை யாரும் மருந்தாக நினைப்பதில்லை. டாக்டரம்மாவின் வீட்டு பீரோவிலும் அப்படி ஒரு தட்டு உண்டு என்று பிறகு அவரே சொன்னார். அதனால்தான் அவருக்குக் கேட்கத் தோன்றியது.

மறுநாள் ஜெயமேரி டப்பாக்களைக் கொண்டுவந்தார். பேர் வேறு, நிறம் வேறு. டாக்டரம்மா கீழே பொடி எழுத்தைப் படித்துக் காட்டினார். இரண்டும் ஒரே மருந்து. அந்த ஒல்லி உடம்புக்குள் ஏழெட்டு வருஷமாக இரட்டை அளவு போய்க்கொண்டிருந்தது.

"இன்னையோட ரெண்டையும் நிறுத்தணும். போனது திரும்பாது. நிறுத்தின பிறகும் கொஞ்ச காலம் அது உள்ள இருந்து வேலை பார்க்கும். நடுப்புள்ளி தங்குமான்னு இப்ப சொல்ல முடியாது."

ஜெயமேரி தன் கைகளைத் தூக்கிப் பார்த்தார். "மாத்திரைய நிறுத்துனா கத்திரிக்கோல் பிடிக்க முடியாது. நிறுத்தலன்னா ஊசி தெரியாது. எதை வெச்சுக்கினு நான் தைக்கிறதும்மா?"

டாக்டரம்மா உடனே மூட்டு டாக்டருக்குப் போன் போட்டு வேறு மருந்துக்கு ஏற்பாடு செய்தார். அந்த மருந்து பிடிக்க ஆறேழு மாதம் ஆனது. அதுவரை ஜெயமேரி காலையில் காபித் தம்ளரைக்கூட உள்ளங்கைகளால் தாங்கித்தான் குடித்தார். கை ஒருவழியாகத் தப்பியது. கண் தப்பவில்லை. வருகிற போதெல்லாம் நான்தான் படம் எடுத்தேன். ஒவ்வொரு தடவையும் அந்த நடுப்புள்ளி மங்கிக்கொண்டே வந்தது. எடுக்க எடுக்க எனக்கு என் கேமராவின் மீதே வெறுப்பு வந்தது. இரண்டாம் வருஷம் சேதம் நின்றது. ஆனால் அதற்குள் நடு போய்விட்டது. முத்து தைப்பதை மருமகளிடம் விட்டுவிட்டு, அளவெடுப்பதும் துணி வெட்டுவதுமாக ஜெயமேரி தொழிலை நடத்தினார்.

ஒரு விஷயத்தில் மட்டும் அவர் டாக்டரம்மா பேச்சைக் கேட்கவில்லை. "அக்காகிட்ட சொல்லிடுங்க" என்று டாக்டரம்மா ஒவ்வொரு தடவையும் சொல்வார். "சரிங்கம்மா" என்று தலையாட்டிவிட்டு, வெளியே வந்து என்னிடம் சொல்வார்: "எப்பிடி அண்ணே சொல்லுவேன்? நீ குடுத்ததாலதான் என் கண்ணு போச்சுன்னு வளர்த்தவகிட்ட சொல்ல முடியுமா? அவ உசுரையே விட்டுடுவா. நீங்களும் சொல்லிடாதீங்க." டப்பாக்கள் வந்துகொண்டே இருந்தன. வாங்கி பீரோவில் வைத்துக்கொண்டே இருந்தார். டாக்டரம்மாவிடம் மட்டும் நான் இதைச் சொல்லிவைத்திருந்தேன்.

மகளுக்குப் பிரசவம் என்று ஒரு கோடையில் வராமல் போன பிலோமினா, அதற்கடுத்த கோடையில் வந்தார். ஜெயமேரி பயந்து, அக்கா கண்ணும் கெட்டிருக்குமோ என்று நச்சரித்து எங்களிடம் அழைத்துவந்துவிட்டார். தங்கையை வெளியே உட்காரவைத்து அக்காவை மட்டும் கேமரா அறைக்குள் கூப்பிட்டேன். அறுபதைத் தாண்டியவர், நன்றாக உடுத்தியிருந்தார். நல்ல வாய்.

"அங்க வருசா வருசம் பார்க்கறாங்க தம்பி. இவளுக்குத்தான் நம்பிக்க இல்ல." பிறகு தணிந்த குரலில், "இவளுக்கு என்மேல என்னா கோவம்னு உங்களுக்குத் தெரியுமா? வந்ததுலேர்ந்து பார்க்கறேன், என் மூஞ்சியப் பார்த்தே பேச மாட்டேங்கறா. எங்கியோ பார்த்துக்கினு பேசறா. பேறுகாலம் பேறுகாலம்னு போன வருசம் வராம இருந்துட்டேன், அதுவா இருக்குமோ?"

எனக்குச் சுருக்கென்றது. விழித்திரையின் நடு போனவர்கள் எதையும் நேராகப் பார்த்தால் அது மறைந்துவிடும். கொஞ்சம் தள்ளிப் பார்த்தால்தான், ஓரத்துப் பார்வையில் அது தெரியும். அது நாளாக ஆக அவர்களுக்கே தெரியாமல் பழகிவிடும். தங்கை அக்காவின் முகத்தைப் பார்ப்பதற்காகத்தான் வேறு பக்கம் பார்க்கிறார். சொல்ல வாய் வந்தது. அடக்கிக்கொண்டேன்.

"கேமராக் கைப்பிடியைப் பிடிச்சுக்குங்க" என்றேன். அவரால் பிடிக்க முடியவில்லை. விரல்களெல்லாம் ஒரு பக்கமாகச் சாய்ந்து கோணியிருந்தன. மணிக்கட்டால் அணைத்துக்கொண்டார். படம் எடுத்தேன். இரண்டு விழித்திரையும் கழுவிவிட்டாற்போல் இருந்தன. டாக்டரம்மா வந்து படத்தைப் பார்த்தார். அப்புறம் அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஒரு நாளைக்கு எத்தினி மாத்திரை எழுதிக் குடுத்திருக்காங்க?"

"ரெண்டு."

"எத்தினி சாப்பிடறீங்க?"

பிலோமினா கதவைத் திரும்பிப் பார்த்தார். "ஒண்ணு. இன்னொண்ணை எடுத்து வெச்சிடுவேன், இவளுக்கு. தையக்காரி கை ஆச்சே, அது நல்லா இருக்கணும். எனக்கு என்னா, வீட்டுல சும்மாத்தானே குந்தியிருக்கேன்." பிறகு, "அவகிட்ட சொல்லிடாதீங்க. தெரிஞ்சா வாங்க மாட்டா."

இரண்டு வருஷமாக இவர் தன் வாயைக் கட்டி, கையைக் கெடுத்துக்கொண்டு அனுப்பிய மாத்திரையெல்லாம் ஜெயமேரி வீட்டு பீரோவில் பிரிக்காமல் கிடக்கிறது. அதைச் சொன்னால் தங்கையின் கண் கதை வெளியே வந்துவிடும். சொல்லாவிட்டால் மிச்சமிருக்கும் விரலும் போகும்.

டாக்டரம்மா ஜெயமேரியையும் உள்ளே கூப்பிட்டு, இருவரையும் ஜன்னல் ஓர மேசைக்கு எதிரே உட்காரவைத்தார். "ரெண்டு பேரும் எங்ககிட்ட ஆளுக்கொண்ணு சொல்லிட்டு, சொல்லாதீங்கன்னு கேட்டுக்கினு இருக்கீங்க. நாங்க சொல்ல மாட்டோம். ஆனா இங்க ஒரு வழக்கம் இருக்கு, பிலோமினா. பையைக் கொட்டுங்க."

பிலோமினா தயங்கினார். அவரால் பையின் பட்டனைத் திறக்க முடியவில்லை. ஜெயமேரி சட்டென்று கை நீட்டித் திறந்தார். அப்படித் திறக்கும்போது அக்காவின் விரல்கள் அவர் கையில் பட்டன. அவற்றைப் பிடித்து, ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார். முகம் மாறிவிட்டது. தட்டில் விழுந்தவை, ஒரு பாதி காலியான டப்பா, பிறகு ரிப்பன் கட்டிய ஒரு கட்டு டப்பாக்கள். எல்லாம் ஒரே மருந்து என்று டாக்டரம்மா பேரைப் படித்துச் சொன்னார்.

"எல்லாம் உன்னுதா?" என்றார் ஜெயமேரி. "உன் மாத்திரையா இதெல்லாம்? நீ சாப்பிட வேண்டியதா?"

பிலோமினா ரிப்பன் கட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளப் பார்த்தார்.

"உனக்குப் புத்தி இருக்குதா? யாரு உன்னை இப்பிடிப் பண்ணச் சொன்னா? விரலப் பாரு, முருங்கக் குச்சி மாரி. நீ குடுத்தது எல்லாம் பீரோவுல சீல் ஒடைக்காம கெடக்குதுடி! ரெண்டு வருசமா நான் ஒண்ணுகூடத் தொடல!" அக்காவை அவர் 'டி' போட்டதை அன்றைக்குத்தான் கேட்டேன். கத்தக் கத்தக் கண்ணீர் ஊற்றியது.

"ஏன் தொடல?" என்று பிலோமினா கேட்டார்.

டாக்டரம்மா ஜெயமேரியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஜெயமேரியே சொன்னார், மெதுவாக, எல்லாவற்றையும்: இரண்டும் ஒரே மருந்து என்பதை, வளையத்தை, நடு போனதை. சொல்லும்போதும் அவர் பார்வை அக்காவின் காதுக்கு அப்பால் எங்கோ ஜன்னலில்தான் இருந்தது.

பிலோமினா அழவில்லை. தங்கையின் பார்வை போகும் திசையைத் திரும்பிப் பார்த்தார். அங்கே யாரும் இல்லை, எதுவும் இல்லை. வந்த நாளிலிருந்து கோபம் என்று தான் நினைத்துக்கொண்டிருந்தது என்ன என்று அப்போதுதான் அவருக்கு உறைத்திருக்க வேண்டும். நாற்காலியை விட்டு எழுந்தார். இரண்டு எட்டு நகர்ந்து, தங்கை பார்த்துக்கொண்டிருந்த அந்த இடத்தில், ஜன்னல் பக்கம் போய் நேராக நின்றுகொண்டார்.

"அங்க நிக்காதக்கா" என்றார் ஜெயமேரி. "அங்க நின்னா நீ தெரிய மாட்ட. பழைய எடத்துலயே வந்து குந்து."